திவாலுக்கு முன் திருப்பிக் கொடுத்த கடன்

இனி மஞ்சள் கடுதாசி கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்துவிட்ட ஒருவர் முதலில் என்ன செய்வார்? நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். கையில் மிச்சமிருப்பதைத் திரட்டி, கூடப் பிறந்தவர்களிடமும் மாமன் மச்சானிடமும் வாங்கிய கடனை அடைத்துவிடுவார்கள். வங்கிக்கு நம் பணம் போனால் ஒன்றும் ஆகிவிடாது. வட்டியும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் நம்பிக் கொடுத்தவர்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பது அவர்கள் நினைப்பு. இந்த நினைப்பைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை, இப்போதும் வரவில்லை. ஆனால் அந்தச் செயல் தப்பு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். யாரைக் காப்பாற்ற நினைத்து அதைச் செய்கிறோமோ, அவர்கள் வீட்டு வாசலுக்கே அது நோட்டீஸைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

என் பெரியப்பா மகன் அச்சகம் நடத்தி வந்தார். தொழில் எப்படிச் சரிந்தது என்பது எல்லோரும் அறிந்த கதைதான். இயந்திரத்துக்கு வங்கிக் கடன், அந்தத் தவணையைக் கட்ட கிரெடிட் கார்டு, கார்டு பாக்கியைக் கட்ட இன்னொரு கார்டு. காகிதம் கொடுத்த வியாபாரிக்குப் பாக்கி, பைண்டிங் செய்து கொடுத்தவருக்குப் பாக்கி. நடுவில் ஒருநாள் தன் தங்கையிடம் ஒரு பெரிய தொகை வாங்கினார். தங்கை எனக்கு அக்கா முறை. கணவர் இறந்தபோது வந்த பணத்தை அக்கா டெபாசிட்டில் போட்டு வைத்திருந்தார். அண்ணன் கேட்டதும் அதை முறித்துக் கொடுத்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அச்சகத்தை மூடுவது என்று முடிவான பிறகு அண்ணன் தன்னிடமிருந்த கடைசி நல்ல இயந்திரத்தை விற்றார். நியாயமான விலைக்குத்தான் விற்றார், வங்கி மூலமாகத்தான் பணம் வாங்கினார். அந்தப் பணம் முழுவதையும் அக்காவின் கணக்குக்கு மாற்றினார். அன்றிரவுதான் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அவர் மேல் மரியாதை கூடியது. சில மாதங்கள் கழித்து வழக்கறிஞரைப் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன்.

வழக்கறிஞரின் மேசையில்

வழக்கறிஞர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். யாருக்குக் கடன், எவ்வளவு, எப்போது வாங்கியது, அவர் உங்களுக்கு என்ன உறவு. அண்ணன் வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் நிரப்பிக்கொண்டே வந்தார். உறவு என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒரு சின்னக் கோடு. பட்டியல் முடிந்ததும் பக்கத்தைத் திருப்பி, "சொந்தக்காரங்க யாருக்காவது சமீபத்துல பணம் திருப்பிக் கொடுத்தீங்களா சார்?" என்று கேட்டார். அண்ணன் தயங்கவே இல்லை. இத்தனை அவமானத்துக்கு நடுவில் தான் சரியாகச் செய்த ஒரே காரியத்தை யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, "என் தங்கச்சிக்கு முழுசா அடைச்சிட்டேன்" என்றார்.

வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்தார். எந்தத் தேதி, எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து என்று கேட்டார். அண்ணனுக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. "சார், அது கடன். நிஜமாவே வாங்கின கடன். நான் எதையும் ஒளிச்சு வைக்கலை" என்றார். "அதை நான் நம்புறேன். நீங்க ஏமாத்தினீங்கன்னு யாரும் சொல்லப் போறதில்லை. ஆனா திவாலானவரோட சொத்தைத் திரட்டிக் கடன்காரங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற டிரஸ்டி அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்பார்." அண்ணன் கொஞ்சம் ஆசுவாசமாகி, "சரி சார், என்கிட்ட எது இருக்கோ அதுலேர்ந்து எடுத்துக்கட்டும்" என்றார். வழக்கறிஞர் தலையை ஆட்டினார். "உங்ககிட்ட இல்லை சார். உங்க தங்கச்சிகிட்ட."

அந்த அறையில் அண்ணன் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வங்கி ஆட்கள் வந்து நின்றபோதும், வேலையாட்களைக் கூப்பிட்டு இனி வரவேண்டாம் என்று சொன்னபோதும் அவர் அப்படி இருந்ததில்லை. அக்கா அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே மகளின் கல்லூரிக் கட்டணமாகக் கட்டியிருந்தார். தன் பணம் தனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று நம்பித்தானே கட்டினார். "அவ என்ன சார் தப்பு பண்ணினா?" என்று அண்ணன் கேட்டார். "ஒண்ணும் பண்ணலை" என்றார் வழக்கறிஞர். அதற்கு மேல் அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

நானூறு ஆண்டுப் பழைய நியாயம்

வெளியே வந்ததிலிருந்து எனக்குச் சட்டத்தின் மேல் கோபம். கடனை வாங்கி, கடனைத் திருப்பிக் கொடுப்பது எப்படிக் குற்றமாகும்? இந்தக் கேள்வி விடவில்லை. படிக்க ஆரம்பித்தேன். 1571-ல் இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் காலத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, கடன் கொடுத்தவர்களை ஏமாற்றுவதற்காகச் சொத்தைக் கைமாற்றினால் அது செல்லாது என்றது. இன்னொன்று, திவாலான வணிகரின் சொத்தைக் கடன் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அவரவர் தொகையின் விகிதப்படி ஒரே மாதிரி பிரிக்க வேண்டும் என்றது. இன்று உலகம் முழுவதும் இருக்கும் திவால் சட்டங்களில் பல இந்த இரண்டு தூண்கள் மேல்தான் நிற்கின்றன.

முதல் சட்டத்தின் கீழ் 1601-ல் வந்த ட்வைன் வழக்கு இன்னும் சட்ட வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. ஹாம்ப்ஷயரில் பியர்ஸ் என்ற விவசாயி ட்வைன் என்பவருக்கு 400 பவுண்டும் இன்னொருவருக்கு 200 பவுண்டும் கடன்பட்டிருந்தார். 200 பவுண்டுக்காரர் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே பியர்ஸ் தன்னிடமிருந்த 300 பவுண்டு பெறுமான உடைமைகள் எல்லாவற்றையும் ரகசியமாக ட்வைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஆடுகள் பியர்ஸிடமே இருந்தன. அவரே ரோமம் கத்தரித்தார், அவரே தன் அடையாளக் குறியை ஆடுகளின் மேல் போட்டார், சிலவற்றை விற்கவும் செய்தார். நீதிமன்றம் அதை மோசடி என்றது. இதில் என்னை நிறுத்திய விஷயம் என்னவென்றால், ட்வைனுக்குக் கொடுக்க வேண்டிய 400 பவுண்டு நிஜமான கடன். கடன் நிஜமாக இருந்தால் மட்டும் போதாது என்பதை அப்போதே சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் செய்தது பியர்ஸ் செய்தது அல்ல. பியர்ஸ் ஒளித்தார், அண்ணன் வெளிப்படையாகக் கொடுத்தார். சட்டமும் இந்த இரண்டையும் வேறுபடுத்தித்தான் பார்க்கிறது. ஒளித்தவருக்குக் கடனிலிருந்து விடுதலையே மறுக்கப்படலாம். வரிசை தாண்டி ஒருவருக்கு மட்டும் கொடுத்தவருக்கு அந்தத் தண்டனை பொதுவாக இல்லை, ஆனால் பணத்தை வாங்கியவர் அதைத் திருப்பித் தர வேண்டும். அமெரிக்காவில் இதற்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்றுகூடப் பார்ப்பதில்லை, தேதியைத்தான் பார்க்கிறார்கள். திவால் மனுப் போடுவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் வெளியாட்களுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். உறவினர் என்றால் அதுவே ஒரு வருடம். கனடாவில் மூன்று மாதம், உறவினருக்குப் பன்னிரண்டு மாதம். இங்கிலாந்தின் 1986 சட்டத்தில் ஆறு மாதம், உறவினருக்கு இரண்டு வருடம். அங்கே ஒருவரை மற்றவர்களைவிட நல்ல நிலையில் வைக்கும் விருப்பம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, ஆனால் வாங்கியவர் உறவினர் என்றால் விருப்பம் இருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நம் வேலை. இந்தியாவில் 1920 சட்டம் மூன்று மாதம் என்கிறது. 2016 சட்டம் ஆறு மாதம், உறவினருக்கு இரண்டு வருடம் என்கிறது. அந்தச் சட்டத்தின் தனிநபர் பகுதி 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கதை.

உறவினருக்கு மட்டும் ஏன் இத்தனை நீளமான காலம் என்பது முதலில் எனக்கு அநியாயமாகப் பட்டது. யோசித்தால் காரணம் தெரிகிறது. ஒருவர் மூழ்கப் போகிறார் என்பது அவர் வீட்டாருக்குத்தான் முதலில் தெரியும். காகித வியாபாரிக்குக் கடைசியில்தான் தெரியும்.

அந்தக் காகித வியாபாரிதான் என் எண்ணத்தை மாற்றினார். அவரை எனக்கும் பழக்கம் உண்டு. கையில் காசில்லாத பள்ளிக்கூட சீசனில் எல்லாம் அண்ணனுக்கு ரீம் ரீமாகக் கடனுக்கு அனுப்பியவர், ஒரு தாளில் எழுதி வாங்கியதில்லை. அவரும் நம்பித்தான் கொடுத்தார், வட்டியில்லாமல்தான் கொடுத்தார். பைண்டிங் செய்தவர் கூலியைத்தான் கேட்கிறார். வங்கியையும் அக்காவையும் தராசில் வைத்தால் நம் கை தானாக அக்கா பக்கம் சாயும். பைண்டரையும் அக்காவையும் வைத்தால்? நாம் அண்ணனுக்காக நியாயம் பேசும்போது எதிர்ப்பக்கம் எப்போதும் வங்கியை மட்டுமே உட்கார வைக்கிறோம். விற்ற இயந்திரத்தின் பணத்தில் பைண்டருக்கும் ஒரு பங்கு இருந்தது, அதை எடுத்துத்தான் அக்காவுக்குக் கொடுத்தார் என்று அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு ஒருநாள் அவரே சொன்னார்.

கை வைக்கக் கூடாதவை

மனுப் போடுவதற்கு முந்தைய மாதங்களில் ஆட்கள் பதற்றத்தில் செய்யும் காரியங்கள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். காரைத் தம்பி பேருக்கு மாற்றுவது. வீட்டில் தன் பங்கை மனைவிக்கு எழுதி வைப்பது. நல்ல விலை போகும் பொருளை மச்சானுக்குக் கால் விலைக்குக் கொடுப்பது. இவை எதுவும் மறையாது. பதிவேட்டில் தேதியோடு உட்கார்ந்திருக்கும், படிவம் அதைத்தான் முதலில் கேட்கும். அமெரிக்காவில் முந்தைய இரண்டு வருடம் வரை திவால் சட்டமே தோண்டும், மாநிலச் சட்டங்கள் பலவற்றில் அது நான்கு வருடம் வரை நீளும். இங்கிலாந்தில் குறைந்த விலைக்குக் கொடுத்ததை ஐந்து வருடம் வரை திரும்பிப் பார்க்கலாம். காரை வைத்திருந்தால் ஒருவேளை சட்டமே அதைத் தொழிலுக்குத் தேவையான வண்டி என்று விட்டு வைத்திருக்கும். தம்பி பேருக்கு மாற்றியதால் அந்தப் பாதுகாப்பும் போய், நேர்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சலைத் தருவது ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துக் கடன் அடைப்பது. பல நாடுகளில் முறையான ஓய்வூதிய நிதியைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-லேயே வேலை வழி ஓய்வூதியத் திட்டங்களுக்கு இதை உறுதி செய்தது. இங்கிலாந்தில் 1999-ல் வந்த சட்டத்தில் இது இருக்கிறது. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதியை ஜப்தி செய்ய முடியாது என்று சட்டம் சொல்கிறது. அதாவது முழுவதுமாகத் திவாலானாலும் கையில் மிஞ்சியிருக்கும் பணம் அது. அதைப் போய் முன்கூட்டியே எடுத்து, வரியும் கட்டி, மீதியை ஒரு கார்டு கம்பெனிக்குக் கொடுத்து இரண்டு மாதம் மூச்சு வாங்கிவிட்டு, அப்புறம் எப்படியும் மனுப் போடுகிறார்கள். அண்ணன் அதைச் செய்யப் போனபோது வழக்கறிஞர்தான் தடுத்தார். சொந்தக்காரருக்குக் கொடுப்பதற்காக அதை எடுப்பது இரட்டை நஷ்டம். காப்பாற்றப்பட்ட பணம் காப்பில்லாத பணமாகிறது, வாங்கியவரும் சிக்குகிறார்.

இன்னும் இரண்டு விஷயங்களை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வயதான அம்மாவின் வங்கிக் கணக்கில் வசதிக்காக மகன் பேரையும் சேர்த்திருப்பார்கள். மகன் திவாலானால் அந்தப் பணம் அம்மாவுடையதுதான் என்று கணக்கு வழக்கோடு காட்ட வேண்டி வரும். அதற்காகக் கடைசி நேரத்தில் பேரை அடித்துவிடுவதும் ஒரு கைமாற்றமாகத் தெரியும், ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. அடுத்தது, ஜாமீன் கையெழுத்து. அக்கா ஜாமீன் போட்ட வங்கிக் கடனை நீங்கள் முன்கூட்டி அடைத்தால், பணம் வங்கிக்குப் போனாலும் பலன் அக்காவுக்கு. அமெரிக்கச் சட்டத்தில் அதையும் உறவினருக்குக் கொடுத்ததாகவே பார்ப்பார்கள்.

செய்யக் கூடியவையும் இருக்கின்றன. வாடகை, மளிகை, மருந்து, வழக்கறிஞர் கட்டணம், இவற்றுக்குச் செலவு செய்வதை யாரும் தப்பு சொல்வதில்லை. ஒரு பொருளை விற்றே ஆக வேண்டுமென்றால் சந்தை விலைக்கு, வெளியாளுக்கு, ரசீதோடு விற்று, பணம் எங்கே போனது என்பதற்கும் தாள் வைத்துக்கொண்டால் போதும். அண்ணன் இயந்திரத்தை விற்றதில் டிரஸ்டி ஒரு குறையும் காணவில்லை.

சொல்லாமல் கொடுத்தது

அண்ணன் ஏன் கொடுத்தார் என்பதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டால் அக்காவிடம் "நான் திவாலாகப் போகிறேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. கொடுத்த அன்று "எல்லாம் சரியாயிட்டுதாண்ணா?" என்று அக்கா கேட்டதற்கு "ம்" என்று மட்டும் சொன்னாராம். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா ஒருவேளை அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பார், கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழி தேடியிருப்பார். பிறகு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது சொல்வதற்கு இரண்டு செய்திகள் சேர்ந்துவிட்டன. அக்காவுக்குத் திவால் செய்தி பெரிதாக இல்லை. தன்னிடம் மறைத்ததுதான் வலித்தது.

வழக்கறிஞர் சொன்ன வழிகளில் ஒன்று காத்திருப்பது. காலக்கெடு தாண்டியபின் மனுப் போட்டால் அந்தக் கொடுக்கல் பிரச்சினையாக வாய்ப்பு குறைவு. ஆனால் வங்கி அதற்குள் வழக்குப் போட்டுவிட்டதால் காத்திருக்க நேரமில்லை. இன்னொன்று, பணத்தை அக்கா திருப்பி அனுப்பிவிட்டு, நடந்ததைப் படிவத்தில் அப்படியே எழுதுவது. பணத்தில் ஒரு பகுதி போய்விட்டதால் அதுவும் முழுதாக முடியவில்லை. மிச்சமிருந்த வழி எதையும் மறைக்காமல் எழுதிவிட்டு நோட்டீஸுக்குக் காத்திருப்பது. அண்ணன் அதைத்தான் செய்தார். படிவத்தில் கோடு போடாத ஒரே கட்டத்தில் "தங்கை" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் அக்கா பெயருக்கு வந்தது. டிரஸ்டியிடம் பேசியபோது அவர் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. இப்படிப்பட்டவற்றில் வழக்கு நடத்தும் செலவைக் கணக்குப் பார்த்துச் சமரசத்துக்கு வருவது அவர்களுக்கு வழக்கம். கொஞ்சம் குறைத்து, மீதியைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார். கட்டக் கட்ட அக்காவும் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் சேர்ந்தார், காகித வியாபாரிக்கும் பைண்டருக்கும் பக்கத்தில். பங்கு என்று வரப்போவது சொற்பம்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இங்கேதான் நாங்கள் மற்றவர்கள் உள்ளே வந்தோம். திவாலானவரின் சொத்திலிருந்து போகும் பணத்தைத்தான் சட்டம் துரத்துகிறது. அண்ணனுக்குக் கடன்பட்டிராத சித்தப்பாவோ நானோ எங்கள் சம்பாத்தியத்திலிருந்து அக்காவுக்குக் கொடுத்தால் அது அண்ணனின் சொத்தல்ல, அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் செய்தோம். அக்காவின் தவணையில் ஒரு பங்கை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டோம். அண்ணன் ஆரம்பத்திலேயே வாயைத் திறந்திருந்தால் இதையே அன்றைக்கே செய்திருப்போம், நோட்டீஸ் வராமல்.

விடுதலை ஆணை வந்தபின் சட்டப்படி அண்ணன் அக்காவுக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஆனால் தரக் கூடாது என்றும் இல்லை. ஆணை வந்த கடனையும் ஒருவர் தானாக விரும்பித் திருப்பிக் கொடுப்பதை எதுவும் தடுக்காது என்று அமெரிக்கத் திவால் சட்டம் 524-ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது. அண்ணன் இப்போது வேறொருவர் அச்சகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். மாதம் கொஞ்சம் அக்காவுக்குப் போகிறது. பைண்டருக்கும் போகிறது என்பதைப் பைண்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.